பசித்தால் தின்னும் என்று இருந்துவிடாதீர்கள்

சென்ற மாதம் என் மேசைக்கு வந்து சேர்ந்த கடிதங்களுள் ஒன்று, வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எழுதியது. பிள்ளைகளின் படிப்பு, மருமக்களின் போக்கு, ஊறுகாய்ப் பரணியிற் பூத்த பூஞ்சணம் என்று வழக்கமாக வரும் முறையீடுகளுக்கு நடுவே, இந்த அம்மையார் எழுப்பியிருந்த வினா ஒரு பூனையைப் பற்றியது. பூனைதானே என்று அதனை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கான காரணத்தைக் கடிதத்தின் சாரத்தைக் கேட்டால் நீங்களும் உணர்வீர்கள்.

அவருடைய மகன் கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில், நீண்ட உரோமமுடைய பூனையொன்றை வளர்த்திருக்கிறார். பிறநாடு செல்லவேண்டி வந்தபோது அதனை ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்து, தாயாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். பூனையோடு மூன்று பொதி உலருணவும் வந்தது. மூன்றாவது பொதி முடியுந் தறுவாயில் அம்மையார் கடைக்குச் சென்று விலையைக் கேட்டுத் திகைத்துப் போனார். 2022ஆம் ஆண்டில் நமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதிப் பண்டங்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதை இல்லத்தரசியருக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் பூனைக்கென்று எவ்வளவுதான் செலவிடுவார்? ஆகவே, அவர் சோற்றிற் சூடை மீனைப் பிசைந்து வைத்தார். பூனை அதனை முகர்ந்து பார்த்தது. மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தட்டைச் சுற்றித் தரையைச் சுரண்டியது. பிறகு அப்பாற் சென்று படுத்துக்கொண்டது. மறுநாட் காலையிற் பாயின்மேல் ஒரு கற்றை உரோமத்தைக் கக்கி வைத்திருந்தது.

அயலவர் இருவர் ஆலோசனை கூறினர். "பசித்தால் தின்னும், விடுங்கோ" என்றார் ஒருவர். "அது வெறும் உரோமந்தான், ஆமணக்கெண்ணெயைப் பருக்கிவிடுங்கோ, சரிவரும்" என்றார் மற்றவர். "மகன் கிழமைதோறும் தொலைபேசியில் முதலிற் கேட்பது என் சுகத்தை, அடுத்துக் கேட்பது பூனையின் சுகத்தை. நான் என்ன செய்வது?" என்று அம்மையார் கடிதத்தை முடித்திருந்தார்.

கடிதத்தில் அவர் தந்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அன்றே பேசினேன். "எஞ்சியிருக்கும் பழைய உணவை இப்பொழுதே வையுங்கள், எந்த எண்ணெயையும் வாயில் ஊற்றாதீர்கள், நாளைக்கும் உண்ணாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்" என்று கூறினேன். நான் அவ்வளவு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் வீட்டில் வெள்ளையன் என்றொரு கடுவன் பூனை இருந்தது. பல ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது ஓங்கரித்தது. சிறிது நுரை மட்டும் வந்தது. "உரோமந்தான்" என்றோம். சனிக்கிழமை அது உணவைத் தொடவில்லை. "பசித்தால் தின்னும்" என்றோம். ஞாயிறும் அப்படியே கழிந்தது. திங்கட்கிழமை அதனைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினோம். சுவாமி படத்துக்குச் சாத்திய மல்லிகை மாலையின் நூலை அது விழுங்கியிருந்தது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிற் சிக்கிக்கொள்ள, மறு முனை குடலுக்குட் சென்று குடலைச் சுருக்கி அறுத்திருந்தது. "இரண்டு நாட்களுக்கு முன்னர் கொண்டுவந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம்" என்று மட்டும் வைத்தியர் கூறினார். அன்றிரவு வெள்ளையன் இறந்தது. அவர் எங்களைக் கடிந்து பேசியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

அயலவர் இருவரும் அந்த அம்மையாருக்குக் கூறிய வார்த்தைகளையே நாங்கள் அன்று எங்களுக்குள் கூறிக்கொண்டோம். அவை இரண்டும் தீய எண்ணத்தில் எழுந்தவையல்ல. வழிவழியாகக் கேட்டுப் பழகியவை. ஆயினும், பூனையின் உடலமைப்பை அறிந்தவர்கள் அவற்றை ஏற்பதில்லை. ஏன் என்பதை இந்த வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

புலியும் புல்லும்

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்பது நம்மவர் பழமொழி. மானமுள்ள மனிதரைப் பற்றிய உவமையாகவே அதனை நாம் வழங்குகிறோம். ஆனால் பூனைக் குலத்தின் உடலைப் பற்றிய உண்மையாகவும் அதனைக் கொள்ளலாம். நாய் சோற்றையும் இறைச்சியையும் கலந்துண்டு வாழக்கூடியது. பூனையோ ஊனுணவின்றி வாழவே இயலாத பிராணி. கரற்றிலும் கீரையிலும் உள்ள நிறப்பொருளை நமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையின் உடலுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஈரல் போன்ற ஊனுணவிலிருந்தே அது விற்றமின் ஏ யைப் பெறவேண்டும்.

தோரின் என்னும் பொருளின் கதை இதனினும் வியப்பானது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இப்பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. தோரின் குறைந்தாற் பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை கெடும் என்பது 1975ஆம் ஆண்டில் ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. அதே குறைபாட்டினால் இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்குகிறது என்பதை 1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தனர். அந்நோய்க்கு ஆளானவை பொதிகளிலும் தகரங்களிலும் விற்கப்பட்ட உணவை உண்ட வீட்டுப் பூனைகளே என்பதுதான் பலரையும் திடுக்கிடச் செய்தது. அதன் பின்னர் உணவு தயாரிப்போர் தோரினின் அளவைக் கூட்டினர்; அந்த இதயநோயும் அருகியது.

"எங்கள் அம்மாச்சியின் பூனை சோற்றையும் மீன்தலையையும் தின்று பதினைந்து வருடம் வாழவில்லையா?" என்று சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. வாழ்ந்திருக்கும். ஆனால் அம்மாச்சியின் பூனை, அவர் வைத்ததை மட்டுமா உண்டது? நெற்கூட்டின் அடியில் எலி, சுவரிற் பல்லி, வேலியோரத்தில் ஓணான் என்று இரவு முழுவதும் அது தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொண்டது. அம்மாச்சி வைத்த சோறு அதற்கு ஒரு மேலதிகமே. கதவடைத்த வீட்டினுள் வளரும் நீண்ட உரோமப் பூனைக்கு அவ்வித வசதி கிடையாது. நாம் தட்டில் வைப்பது எதுவோ அதுவே அதன் முழு வாழ்வு.

நமது அடுக்களையில் உள்ள பொருள்களுட் பூனைக்கு ஆகாதவை எவையென்பதையும் இங்கே கூறிவிடுகிறேன். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிப்பவை. ஆகவே, சொதியோ குழம்போ ஊற்றிய சோறு வேண்டாம். மீனை மட்டும் கழுவி எடுத்துக் கொடுத்தாலும் குழம்பின் சாறு அதில் ஊறியே இருக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள வெல்லம் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். சாளை, நெத்தலி போன்ற மீன்களைப் பச்சையாக நாள்தோறும் கொடுத்தால், அவற்றில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி 1 ஐ அழித்துவிடும். தலை தாழ்ந்து, நடை தள்ளாடி, வலிப்பும் காணும். அவித்தால் அந்நொதியம் செயலிழந்துவிடும். ஈரலையும் அளவோடுதான் கொடுக்கவேண்டும். நாள்தோறும் ஈரலையே உண்ணும் பூனையின் கழுத்தெலும்புகள் விற்றமின் ஏ மிகையால் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதுண்டு.

உண்ணாநோன்பு பூனைக்கு ஆகாது

இனி, "பசித்தால் தின்னும்" என்ற வார்த்தைக்கு வருவோம். நாம் ஒரு நாள் விரதமிருந்தால் உடல் இலேசாகிறது. பூனை பட்டினி கிடந்தால், அதன் உடலில் உள்ள கொழுப்புக் கரைந்து ஈரலை நோக்கிப் பாய்கிறது. அவ்வளவு கொழுப்பையும் கையாளும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. கொழுப்பு ஈரலிலேயே படிந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. கண்ணின் வெண்மையும் முரசும் மஞ்சள் நிறமாகும். உணவின்மேல் வெறுப்புத் தோன்றும். வெறுப்பினால் மேலும் பட்டினி, பட்டினியால் மேலும் ஈரற் கேடு என்று அந்நோய் சுழன்று வளரும். கொழுத்த பூனைக்கு இந்த அபாயம் மிக அதிகம். சில நாட் பட்டினியே போதும். "நன்றாகக் கொழுத்திருக்கிறதே, இரண்டு நாள் தின்னாவிட்டால் என்ன?" என்று எண்ணுவது நேர்மாறான எண்ணம் என்பது இதனால் விளங்கும்.

பூனை பிடிவாதத்தினாலேயே புதிய உணவை மறுக்கிறது என்றும் எண்ணவேண்டாம். குட்டிப் பருவத்திற் பழகிய மணத்தையும் பதத்தையுமே அது உணவென்று அறியும். மொறுமொறுப்பான உலருணவை உண்டு வளர்ந்த பூனைக்குப் பிசைந்த சோறு உணவாகவே தோன்றாது. நம்மிற் பலர் பிறநாடுகளுக்குச் சென்று முதல் மாதத்தில் அந்நாட்டு உணவைப் பார்த்து மலைத்ததில்லையா?

பத்து நாட் பயணம்

உணவை மாற்றுவதற்கு வைத்தியர்கள் கூறும் முறை எளிமையானது. பொறுமை ஒன்றே அதற்கு வேண்டிய முதல். முதல் மூன்று நாட்களும் பழைய உணவு முக்காற் பங்கும் புதிய உணவு காற் பங்குமாகக் கலந்து வையுங்கள். அடுத்த மூன்று நாட்களும் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாட்களும் பழையது காற் பங்கு, புதியது முக்காற் பங்கு. பத்தாம் நாள் புதிய உணவை மட்டும் வைக்கலாம். இடையில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், முந்திய படிக்குத் திரும்பிச் சில நாள் நில்லுங்கள். பத்து நாளிற் பழகாத பூனைக்கு ஒரு மாதமும் ஆகலாம். அதனால் நமக்கு என்ன நட்டம்?

கலந்து வைத்தால் அறவே தொடாத பூனையும் உண்டு. அதற்குப் பழைய உணவை ஒரு தட்டிலும் புதிய உணவைச் சிறிதளவு வேறொரு தட்டிலும் அருகருகே வைக்கலாம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உணவை அப்படியே வைக்காமல், வெதுவெதுப்பாக்கி வையுங்கள். பூனை நாவினால் அறிவதைவிட மூக்கினால் அறிவதே அதிகம். சூடேறினால் மணம் எழும். உப்பும் மசாலாவும் சேராமல் அவித்த மீனின் நீரைச் சில கரண்டி புதிய உணவின்மேல் தெளித்துவிடுவதும் நல்ல உபாயம். மருந்தை மட்டும் புதிய உணவிற் கலக்காதீர்கள். ஒருமுறை கசந்த உணவை மறுமுறை நம்பாது.

ஒரு நாள் முழுதும் ஒரு வாயேனும் உண்ணாவிட்டால், தயங்காமற் பழைய உணவை வையுங்கள். அதனைத் தோல்வியென்று கருதவேண்டாம். பழைய உணவையும் தொடவில்லையென்றால் அது உணவுப் பிரச்சினையன்று, நோய், வைத்தியரிடம் செல்லவேண்டும்.

எதற்கு மாற்றுவது என்பது அடுத்த வினா. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி தரும் உணவு போதுமானது. அவ்வுணவு எல்லாச் சத்துக்களும் அடங்கிய முழு உணவாக இருக்கவேண்டும். கடையில் வாங்கும்போது, விலையுயர்ந்த பொதியா மலிந்த பொதியா என்று பார்ப்பதற்கு முன்னர், பூனைக்கான முழுமையான உணவு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கான உணவு பூனைக்கு ஈடாகாது. அதில் தோரின் போதாமலிருக்கக்கூடும். வீட்டில் அவித்த மீன், கோழி, கோழியின் இதயம் முதலியவற்றை நாளுணவிற் பத்திலொரு பங்குக்கு மேற்படாமற் கொடுத்து வரலாம். கோழியின் இதயத்தில் தோரின் மிகுதியாக உண்டு. அது அவித்த நீரிற் கரைந்துவிடுவதால், அந்த நீரையும் சேர்த்தே கொடுங்கள். முழு உணவையும் வீட்டிலேயே சமைக்க விரும்புவோர், மிருக வைத்தியரிடம் அளவும் சேர்மானமும் கேட்டெழுதிக்கொண்டே தொடங்கவேண்டும். வெறும் இறைச்சியிற் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாதலால், வளரும் குட்டிகளின் எலும்பு அதனால் வலுவிழக்கும்.

நாக்கும் உரோமமும்

உரோமத்தைக் கக்கும் விஷயத்தை இனி ஆராய்வோம். விழித்திருக்கும் நேரத்திற் கணிசமான பகுதியைப் பூனை தன்னை நக்கித் துப்புரவு செய்வதிற் கழிக்கிறது. அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் அது தேங்காய்த் துருவலகைபோற் சொரசொரப்பாயிருப்பதை அறிவார்கள். நமது நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆன சிறு முட்கள், தொண்டையை நோக்கி வளைந்து அங்கே வரிசையாக நிற்கின்றன. அம்முட்களின் நுனி கரண்டிபோற் குழிந்திருப்பதையும், அக்குழியில் உமிழ்நீரை ஏந்திச் சென்று உரோமத்தின் அடிவரை நனைப்பதையும் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆய்வாளர்கள் 2018இல் விளக்கிக் காட்டினர். முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், நாவில் ஒட்டிய உரோமத்தைத் துப்பிவிடப் பூனையால் இயலாது, விழுங்கவே வேண்டும்.

விழுங்கிய உரோமம் செரிப்பதில்லை. அதிற் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். வயிற்றில் தங்கிச் சேர்ந்த எஞ்சிய பகுதியையே பூனை வாந்தியாக வெளித்தள்ளுகிறது. உரோம உருண்டை என்று நாம் அதற்குப் பெயரிட்டாலும், ஒடுங்கிய தொண்டைக் குழாய் வழியே வருவதால் யாழ்ப்பாணத்துச் சுருட்டுப்போல் நீண்டே அது வந்து விழும். நீண்ட உரோமப் பூனை மாதத்துக்கொரு முறை இவ்வாறு கக்கிவிட்டு, உடனே வழக்கம்போல் உண்டு விளையாடித் திரிந்தால் கவலைப்பட ஏதுமில்லை.

இதனைக் குறைப்பதற்கு மிகச் சிறந்த மருந்து, கடையில் விற்கும் சீப்புத்தான். நாம் சீப்பினால் எடுக்கும் ஒவ்வொரு கற்றை உரோமமும் பூனையின் வயிற்றுக்குப் போகாத உரோமம். குளிர்நாடுகளிற் பருவமாற்றத்தை ஒட்டிப் பூனைகள் மிகுதியாக உரோமம் உதிர்க்கும். நம் நாட்டிலோ ஆண்டு முழுதும் உதிர்ந்தவண்ணமிருக்கும். ஆகவே, நீண்ட உரோமப் பூனைக்கு நாள்தோறும், குறுகிய உரோமப் பூனைக்குக் கிழமையில் ஓரிரு முறை சீவிவிடுங்கள். முதல் நாட்களில் இரண்டு நிமிடம் போதும். கழுத்திலும் முதுகிலும் தொடங்கி, பூனை பழகிய பின்னரே வயிற்றுக்கும் வாற்புறத்துக்கும் செல்லுங்கள். சடைபிடித்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து எழும்பி வெட்டுப்பட்டுவிடும்.

ஒரு பூனை வழக்கத்துக்கு மாறாக நக்கிக்கொண்டேயிருந்தால், தெள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். அரிப்பும் மனக்கலக்கமும் மிகையாக நக்குவதற்குக் காரணங்கள். வீடு மாறிய பூனை, பழகிய எசமானைப் பிரிந்த பூனை, தன்னைத் தானே நக்கி ஆறுதல் தேடுவதும் உண்டு. தெள்ளுக்கு மருந்திடும்போது நாய்க்குரிய மருந்தைப் பூனைக்கு இடவே கூடாது; அவற்றிற் சிலவற்றில் உள்ள பெர்மெத்திரின் என்னும் மருந்து பூனைக்கு நஞ்சு.

நீரும் முக்கியமானது. வீட்டுப் பூனையின் மூதாதையர் மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனைகள் என்பதை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. இரையின் உடலில் உள்ள நீரைக்கொண்டே பெரிதும் வாழ்ந்த குலமாதலால், அவற்றுக்குத் தாக உணர்ச்சி குறைவு. எலியின் உடலிலும் தகரத்தில் வரும் ஈர உணவிலும் நீரே பெரும் பங்கு. உலருணவிலோ நூற்றுக்குப் பத்துப் பங்களவே நீர். ஆகவே, உலருணவு உண்ணும் பூனைக்கு அகன்ற பாத்திரங்களில் இரண்டு மூன்று இடங்களில் நீர் வையுங்கள். உணவுத் தட்டிலும் சிறிது வெந்நீர் தெளிக்கலாம். உப்பிடாமல் அவித்து மசித்த பூசணியை ஒரு சிறு கரண்டி சேர்த்தால், அதன் நார்ப்பொருள் சில பூனைகளுக்கு உரோமத்தை மலத்தோடு கடத்த உதவும். ஒரே வேளையில் நிறைய வைப்பதிலும், சிறிது சிறிதாகப் பல வேளை வைப்பது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் உறுதியாக நிற்கிறேன். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நெய்யோ வெண்ணெயோ உணவாகச் செரித்துவிடுமேயன்றி, உரோமத்தை வழுக்கி வெளியேற்றாது. ஆமணக்கெண்ணெய் கடும் பேதி. திறக்க மறுக்கும் வாயில் எந்த எண்ணெயை ஊற்றினாலும் அது சுவாசப்பைக்குட் செல்லக்கூடும். சுவையும் மணமுமற்ற திரவப் பரபின் இருமலைக்கூட எழுப்பாமல் உள்ளே இறங்கிவிடும். உரோமத்துக்கென்று குழாயில் விற்கும் பசைகளை வைத்தியர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்கலாம்.

எப்பொழுது விரைய வேண்டும்

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதென்று எண்ணுமாம் என்போம். பூனையின் நோயைக் கண்டு நாம் கண்ணை மூடிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. ஓங்கரித்து ஓங்கரித்தும் ஒன்றும் வராதிருத்தல், ஒரு நாளுக்கு மேல் உண்ணாமை, சோர்ந்து ஒதுங்கிப் படுத்தல், மலம் கழிக்காமை, வயிறு உப்பித் தொட்டால் சீறுதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். உரோமமும் சில வேளைகளிற் குடலை அடைத்துவிடும். அப்பொழுது சத்திரசிகிச்சையே வழி. கிழமைக்கொரு முறையோ அதற்கு மேலோ கக்கும் பூனைக்குக் குடலில் வேறு நோய் இருக்கக்கூடும். உரோமம் அந்நோயின் அறிகுறியாக இருக்கலாம். தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னே நீட்டி, வறட்டுத்தனமாக இருமுவது உரோமத்தினாலல்லாமல் ஆஸ்துமாவினாலும் ஆகலாம்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் அதனைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தாற் குடல் அறுபடும். பூமாலை நூலையும் தையல் நூலையும் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். வலியென்று எண்ணி, நாம் விழுங்கும் பரசிற்றமோல் மாத்திரையை ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது உயிர்கொல்லி.

வடமராட்சி அம்மையார் மூன்று கிழமைகளின் பின் மீண்டும் எழுதியிருந்தார். பழைய பொதியில் எஞ்சியதைச் சிக்கனமாகக் கலந்து, விலை குறைந்த வேறொரு முழு உணவுக்குப் பூனையை மெதுவாகப் பழக்கிவிட்டாராம். பத்து நாளில் முடியவில்லை, பதினேழு நாட்கள் சென்றன என்று கணக்கும் எழுதியிருந்தார். பின்னேரங்களில் முற்றத்து மாமரத்தின்கீழ் அமர்ந்து அவரே அதற்குச் சீவிவிடுகிறார். முதலில் கையைப் பீறிய பூனை, இப்பொழுது சீப்பைக் கண்டால் தானே மடியில் ஏறுகிறதாம். "மகன் போன பிறகு இந்த வீட்டில் என் கை ஒருவரையும் தொட்டதில்லை" என்று ஒரு வரி. அந்த வரியை வாசித்துவிட்டுக் கடிதத்தைச் சற்றுநேரம் கையில் வைத்திருந்தேன்.

உங்கள் வீட்டுப் பூனை இன்று தட்டை முகர்ந்துவிட்டு அப்பாற் சென்றால், அதனை ஒரு சிறு செய்தியாகவேனும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் அப்படிச் சென்றால் எழுந்து நடவுங்கள். வெள்ளையனுக்கு நாங்கள் செய்யத் தவறியது அவ்வளவே.